கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஏற்றியது

கார்டு உள்ளே போக மறுத்தது.

ஜெகதீசன் நேராக வைத்துப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு அமுக்கு அமுக்கியும் பார்த்தான். இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு உட்கார வேண்டிய இடத்தின் குறுக்கே ஒரு குழாய் போய்க்கொண்டிருந்தது. குழாய்க்குள் நீலத் தண்ணீர்.

திண்டிவனம் கடையில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். ஃபேன் வைத்த கம்ப்யூட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டிவிடுவான். சூடு தணிய உள்ளே தண்ணீர் ஓடுகிற கேமிங் கம்ப்யூட்டரை இன்றைக்குத்தான் முதல்முறையாக நேரில் பார்க்கிறான். இதை முதலாளி ராஜவேலுவிடம் அவன் சொல்லவில்லை. “வாட்டர் கூலிங் பாத்திருக்கியாடா?” என்று அவர் கேட்டபோது, “நூறு பாத்திருக்கேன் சார்” என்று வாய் முந்திக்கொண்டுவிட்டது.

அது முந்திக்கொண்டதற்கும் காரணம் இருந்தது. ராஜவேலு விழுப்புரத்தில் புதுக் கிளை திறக்கப் போகிறார். “இந்த ஒரு வேல நல்லபடியா முடிஞ்சா அங்க நீதான் இன்சார்ஜ். கெடுத்துட்டியோ, அப்படியே பையத் தூக்கிக்கினு வூட்டுக்குப் போயிடு” என்று சொல்லியிருந்தார். ஜெகதீசனின் வீடு விழுப்புரத்தில்தான். இத்தனை வருஷமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்து தேய்ந்துவிட்டான். அவன் மனைவி கலைப்பிரியா நேற்றே தெரு முழுக்க ‘இன்சார்ஜ்’ என்று சொல்லி முடித்திருந்தாள். இனி கெடுக்க முடியாது.

“என்னா சார், போவ மாட்டேங்குதா?” என்றபடி எட்டிப் பார்த்தார் அந்த வீட்டு ஓனர்.

ஓனர் என்றால் பந்தா எதுவும் இல்லை. காலையில் இவன் இந்த வீட்டுக்கு வந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், பனியனும் முழங்கால்வரை சுருட்டிய பேண்ட்டுமாக, தரையைத் துடைத்துப் பக்கெட்டில் பிழிந்துகொண்டிருந்தார். “வாங்க சார், வாங்க! உங்களத்தான் எதிர்பாத்துக்கினு இருந்தேன்” என்று சிரித்தார். இந்த வயதில் கேம் விளையாடுகிறாரா என்று ஜெகதீசன் ஒரு நிமிஷம் யோசித்தான். அதுவும் வீட்டு வேலையெல்லாம் தானே செய்துவிட்டு! இவர் பெண்டாட்டி கொடுத்துவைத்தவள்.

“குழாய் குறுக்க நிக்குது சார். லேசா வளைச்சுப் பாக்கட்டுமா?”

“வளைங்க சார். எதுக்கு ரோசனை?”

வளைத்தான். குழாய் ‘டப்’ என்று பிடுங்கிக்கொண்டது. நீலத் தண்ணீர் அவன் மடியில் கொட்டியது.

ஜெகதீசன் ‘ஐயோ’ என்று துள்ளி எழுந்தான். ஆனால் ஓனர் அசரவில்லை. ஒரே தாவலில் வந்து கட்டைவிரலால் துளையை அடைத்து, மறுகையால் பக்கெட்டை இழுத்துக் கீழே வைத்தார்.

“இதுக்கு வால்வு எங்க சார் கீது?”

‘எனக்கு வேலை தெரியுமா என்று சோதிக்கிறார்’ என்று நினைத்துக்கொண்டான் ஜெகதீசன். “இதுல வால்வு கிடையாது சார்” என்றான் அழுத்தமாக.

“ஓ… அப்ப மொத்தத் தண்ணியும் எறக்கினாதான் வேல ஆவும்.”

“எறக்கலாமா சார்? நீங்க ஓக்கேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

“எனக்கு ஓக்கே சார். நீங்க சொன்னா சரி.”

தங்கமான மனிதர். தண்ணீர் முழுவதும் பக்கெட்டில் இறங்கி, அழுக்குத் தண்ணீரோடு கலந்து போனது. கார்டும் உள்ளே போய் உட்கார்ந்தது. இப்போது பழைய குழாய் எட்டவில்லை.

ஜெகதீசன் தலையைச் சொறிந்தான். ஓனர் சமையலறைக்குப் போய் ஒரு சுருள் வெள்ளைக் குழாய், நாலு ஜாயின்ட், குழாய் வெட்டுகிற கட்டர், ஒட்டுகிற டேப் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார்.

“இதெல்லாம் வீட்லயே வெச்சிருக்கீங்களா சார்!”

“கைல இல்லாம எப்படி சார்?” என்று அவர் வெட்கப்பட்டார்.

வெள்ளைக் குழாய் ஒல்லி. அங்கிருந்த துளையோ குண்டு. டேப்பைச் சுற்றினார்கள். போதவில்லை என்று இன்னும் சுற்றினார்கள். கடைசியில் அடிபட்ட கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ராஜவேலு போன் செய்தார். ஜெகதீசன் வாசலுக்கு ஓடிப்போய்க் குசுகுசுத்தான்.

“எதுவரைக்கும்டா வந்திருக்கு?”

“கார்டு உள்ள போயிடுச்சு சார். கொஞ்சம் குழாய் வேலதான்.”

“கஸ்டமர் என்னா சொல்றாரு?”

“பக்கத்துலயே குந்திக்கினு ஒத்தாச பண்றாரு சார். எல்லாத்துக்கும் ஓக்கே சொல்றாரு.”

“அப்புறம் இன்னாடா! ஓனரே ஓக்கே சொன்னா நீ தைரியமாப் பண்ணு. நாலு மணிக்கு நானே வந்து பாக்கறேன்.”

மணி இரண்டரை. அவன் உள்ளே ஓடினான்.

“சார், தண்ணி ஊத்தணும். ஜல்தியா.”

“கேன் தண்ணி கீது. ஊத்தலாமா சார்?”

“உங்களுக்கு ஓக்கேன்னா ஊத்தலாம்.”

“எனக்கு ஓக்கே.”

ஊற்றினார்கள். தண்ணீர் வெறும் தண்ணீராக நின்றது. முன்பு அது கடல் மாதிரி நீலமாக இருந்தது. ராஜவேலுவின் கண்ணுக்கு முதலில் இந்த நிற மாற்றம்தான் தெரியும்.

“நீலம் போயிடுச்சே சார்” என்றான் ஜெகதீசன் அழாத குறையாக.

“சொட்டு நீலம் வுட்டா ஆச்சு. துணிக்குப் போடறதுதானே.”

ஓனர் அதைத் தேடிக்கொண்டு வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். பீரோ அடியில் பார்த்தார், ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். சொந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆண்களில் ஜெகதீசனும் ஒருவன்தான். அதனால் அவனுக்கு அவர்மேல் பாசமே வந்தது. கடைசியில் குளியலறையில் கிடைத்தது. நாலு சொட்டு விட்டால் போதும். அவசரமாகக் கவிழ்த்ததில் கால் பாட்டில் போய்விட்டது.

கம்ப்யூட்டருக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் குட்டிப் பம்பை மட்டும் ஓடவிட்டான். அது ‘கொர கொர’ என்றது. தண்ணீர் நகரவில்லை.

“ஏர் லாக்கு” என்றார் ஓனர், டாக்டர் மாதிரி. “காத்து அடைச்சிக்கினு கீது. ப்ரெஷர் குடுத்துத் தள்ளணும். எங்கிட்ட பம்பு ஒண்ணு கீது சார், எடுத்தாறட்டா?”

இந்த மனிதர் வீட்டில் என்னதான் இல்லை? “தாங்குமா சார்?” என்றான்.

“அத நீங்கதான் சார் சொல்லணும்.”

“நீங்க சொன்னா எனக்கு ஓக்கே சார்.”

“நீங்க ஓக்கேன்னா எனக்கும் ஓக்கே.”

இருவருக்கும் ஓக்கேயாக இருந்ததால் பம்பு வந்தது. சமையலறையிலிருந்து ஒயரோடு வந்து, வெள்ளைக் குழாயில் மாட்டி, பிளக்கில் சொருகப்பட்டது. மூன்று விநாடி எல்லாம் அழகாக ஓடியது. நீலம் ஒவ்வொரு வளைவிலும் புகுந்து புறப்பட்டது. ஜெகதீசன் மனசுக்குள் இன்சார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்து சுழன்றே பார்த்துவிட்டான்.

நாலாவது விநாடி டேப் கட்டு பறந்தது.

நீலம் வெள்ளைச் சுவரில் அடித்தது, மேல்கூரையில் அடித்தது, புதுக் கார்டை முழுதாகக் குளிப்பாட்டியது. எங்கோ ‘பட்’ என்றது. ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, வீடே மூச்சை நிறுத்தியது. நீல முகத்தோடு இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“பெரிய பேஜாராப் போச்சு சார்” என்றார் ஓனர் மெதுவாக.

ஜெகதீசனின் கண்ணுக்குள் கலைப்பிரியாவின் முகம் வந்து போனது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மனசு மெல்லத் தெம்பானது. அவன் செய்த தப்பு என்ன? ஒவ்வொன்றையும் கேட்டுத்தானே செய்தான்? குழாயை வளைத்தது, தண்ணீரை இறக்கியது, நீலம் விட்டது, பம்பு வைத்தது, எல்லாவற்றுக்கும் ஓனர் வாயாலேயே ஓக்கே வாங்கியிருக்கிறான். ராஜவேலு வரட்டும். இந்தத் தங்கமான மனிதரே எடுத்துச் சொல்வார். வேலை போகாது. கிளைகூடக் கிடைத்தாலும் கிடைக்கும்.

அப்போது ஓனருடைய போன் அடித்தது. நீல விரலால் அதைத் தேய்த்துக் காதில் வைத்துக்கொண்டு, ஜெகதீசனைப் பார்த்துப் பணிவாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அவர் பேசினார்.

“அண்ணே, தாண்டவராயன்தான் பேசறேன்… கிச்சன்ல வாட்டர் ஃபில்டர இன்னும் மாட்டலண்ணே, நான் என்னா பண்றது, காலையில நீங்க குடுத்த சாவியால கதவத் தொறந்ததுலேர்ந்து இந்த வூட்டு ஓனரு அவரு கம்ப்யூட்டருக்குத் தண்ணி ஏத்தச் சொல்லி என்ன வுடவே மாட்டேங்கறாரு, தோ, எதிர்லதான் குந்திக்கினு கீறாரு, வேணும்னா நீங்களே கேளுங்க!”