ஆகாயத்துக்குக் காலிங் பெல் அடித்தவர்

அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும்முன் கதவைத் தட்டுகிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர் உண்டு. அந்த வீட்டுக்கு மேலே இருக்கிற காற்றுக்குள் நுழையக் கதவைத் தட்டியவர், ஈரேழு பதினாலு லோகத்திலும் சல்லடை போட்டுத் தேடினாலும், எங்கள் பர்மிஷன் ஒருவர்தான்.

எனக்குச் சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். பிழைப்பு திருப்பதியில், கல்யாண வீடியோ. பர்மிஷன் என்னுடைய ட்ரோன்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது அவருக்கே மறந்துபோகிற அளவுக்கு சித்தூர் ஜில்லா முழுக்க அவர் பர்மிஷன்தான். பைலட் சர்டிபிகேட்டை லேமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குளிக்கும்போது கழற்றுவாரா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

திருப்பதியில் ட்ரோன் தொழில் செய்வது சாமான்ய காரியமில்லை. எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற சர்க்கார் மேப்பைத் திறந்தால் மலைப்பக்கம் சிவப்பு, ஏர்போர்ட் பக்கம் சிவப்பு, பறக்கவே கூடாது; கொஞ்சம் தள்ளினால் மஞ்சள், கேட்டுத்தான் பறக்கலாம். ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் வீடியோவில் மலை வேண்டும். ஒருமுறை பெண்ணைப் பெற்ற காண்ட்ராக்டர் ஒருவர் கையில் ஐந்து மோதிரத்தோடு வந்து நின்றார்.

"மலை கிட்டக்கப் போய் எடுக்கணும். நேனு எவரோ தெலுசா? நா யாருன்னு தெரியுமா? மேல வரைக்கும் எனக்கு ஆளு கீது."

பர்மிஷன் பணிவாகச் சொன்னார்: "ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் கீழதான் சார் கீறாங்க. நா சொல்ற மேல ஆகாயம். அங்க நமக்கு யாரையும் தெரியாது."

அந்த ஆர்டர் போயிற்று. போகட்டும், சட்டம் சட்டம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். என் பிராணனை வாங்கியது சிவப்பு இடமில்லை, பச்சை இடம். மேப் பச்சையாக இருந்தால் நம் பாட்டுக்குப் பறக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அங்கேதான் நம்ம ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ட்ரோன் போகிற வழியில் எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை வீட்டு வாசலிலும் போய் நிற்பார்.

"அக்கா, வணக்கம். பக்கத்துக் கல்யாணத்துக்கு ட்ரோன் வுடறோம். ஒங்க வூட்டு மேல ரெண்டு நிமிஷம் போவும். பர்மிஷன் குடுப்பீங்களா?"

தெலுங்கு வீடென்றால் இதே விண்ணப்பம் தெலுங்கில் போகும். கேட்டால் சும்மா விடுவார்களா ஜனங்கள்? உட்காரச் சொல்வார்கள், மோர் கொடுப்பார்கள், பையனுக்கு வேலை கிடைக்குமா என்று விசாரிப்பார்கள். இங்கே மண்டபத்தில் தாலி கட்டி, மெட்டி போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். என் ட்ரோன்காரர் நாலாவது வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருப்பார்.

வெதுருகுப்பத்தில் ஒரு அம்மாள் கண்டிப்பாக மறுத்துவிட்டார். "எரும இப்பதான் கன்னு போட்டுக்கீது. ஒன் மிஷின் கண்ணு பட்டா பாலு வத்திப் பூடும்."

"சரிக்கா, அந்தாண்ட சுத்திக்கினு போறேன்" என்றார் இவர். போனார். அந்தக் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை ஊர்வலம் நேராகப் போகும், கேமரா மட்டும் திடீரென்று வளைந்து ஒரு புளியமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். மாப்பிள்ளை வீட்டார் ஏன் என்று கேட்டார்கள். எருமை என்று எந்த வாயால் சொல்வது?

"யோவ், எந்தச் சட்டத்துலய்யா கீது வூடு வூடா போய்க் கேளுன்னு?" என்று கத்தினேன்.

"சட்டத்துல இல்லண்ணா. அதனாலதான் நம்பளா கேக்கணும்" என்றார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்ய? அடிக்கவும் மனசு வராது, விடவும் மனசு வராது.

மாம்பழ சீசனில் மட்டும் மனிதர் வேறு மாதிரி ஆகிவிடுவார். தள்ளுவண்டியில் ஒரு பழத்தை எடுப்பார், காம்புப் பக்கம் மோந்து பார்ப்பார், வைத்துவிடுவார். வாங்கித் தின்று நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் மடக்கிப் பிடித்துக் கேட்டேன். அப்போதுதான் வந்தது கதை.

பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்கு மாந்தோப்பு இருந்தது. சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட, தூக்கி வளர்த்ததெல்லாம் அண்ணிதான். பிறகு பாகப் பேச்சு வந்தது. இவர் ஒரு வார்த்தை விட்டார், அண்ணன் ஒன்பது வார்த்தை விட்டார். "இனிமே இந்த மண்ணுல ஒன் காலு படக்கூடாது" என்றார் அண்ணன். "படாது" என்று கிளம்பி வந்தவர்தான். வருஷக் கணக்காகிவிட்டது.

"அண்ணி அடுப்பாண்ட இருந்தாங்கண்ணா. போயிட்டு வரேன்னுகூடச் சொல்லிக்கல. அவங்க போனும் வெச்சிக்கிறதில்ல. ஒரே ஒரு தடவ பாத்தா போதும்."

"அட பைத்தியக்காரா! கையில ட்ரோன வெச்சிக்கினு அழுதுகினு கீறியே. தோப்பு பச்சை ஏரியாதானே? ஒரு எட்டு வுட்டுப் பாத்துட்டு வா. காலு படக்கூடாதுன்னுதானே சொன்னாரு? ட்ரோனு எங்க காலு வெக்கப் போவுது?"

அவர் சிரிக்கவில்லை. "அவங்களுக்குத் தெரியாம மேலருந்து பாத்தா, அது பாத்ததாவாது. வேணாண்ணா" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் கேலி பேசவில்லை.

போன சீசனில், விதி பாருங்கள், அந்தத் தோப்புக்கு அடுத்த நிலத்திலேயே ஒரு கல்யாணம் வந்தது. வேண்டாமென்று சொல்வார் என்று நினைத்தேன். வந்தார். சட்டையைக்கூட இஸ்திரி போட்டிருந்தார். வழக்கம்போல வாசல் வாசலாகப் போய்க் கடைசியில் தோப்பு கேட்டுக்கு வெளியே, ஒரு அடி தள்ளி, நின்றார். பின்னால் நான். மீசை நரைத்த அண்ணன்காரர் வந்தார்.

"வணக்கம் சார்" என்றார் கூடப்பிறந்த அண்ணனிடம். "பக்கத்துல கல்யாணம். ஒங்க தோப்பு மேல ரெண்டு நிமிஷம் ட்ரோன் போவும். பர்மிஷன் வேணும்."

அண்ணன் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "வேணாம்" என்றார்.

"சரிங்க சார்."

திரும்பி வந்து ட்ரோனை ஏற்றினார். தோப்பின் வரப்பு வரைக்கும் கொண்டுபோய், அங்கேயே நிறுத்தினார். உள்ளே ஒரு இலை அளவுகூடப் போகவில்லை.

அந்தப் பக்கத்தில் சர்க்கார் ஆட்கள் ட்ரோன் வைத்து நிலம் அளந்துவிட்டுப் போனதிலிருந்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம். தலைக்கு மேலே விர்ரென்று சத்தம் கேட்டால் போதும், சர்வேதான் வந்துவிட்டது என்று அவரவர் எல்லைக்கல்லுக்கு ஓடிப்போய் விறைப்பாக நின்றுகொள்வார்கள். நிற்காவிட்டால் நிலம் பக்கத்து ஆள் கணக்கில் போய்விடுமாம்! அன்றைக்கும் வரப்பு வரப்பாக ஆட்கள் ஓடினார்கள். ஒருத்தர் பாதி ஷேவிங்கோடு நின்றார். மானிட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தோப்பின் எல்லைக்கல்லிலும் ஒரு அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். பர்மிஷன் மானிட்டர்மேல் குனிந்தார்.

"அண்ணி" என்றார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். அத்தனை வருஷத்தில் அவர் சட்டத்தை மீறியது அந்த ஒரு தடவைதான். சர்டிபிகேட் இல்லாத என் கையில் ரிமோட்டைத் திணித்துவிட்டு ஓடினார். நான் ஏழுமலையானைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன்.

எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் அவர் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் அண்ணி. "இன்னாடா இப்படி எளைச்சிப் பூட்ட? துன்றியா இல்லியா?" என்று ஆரம்பித்த அம்மாள் அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். இவர் கால் மட்டும் நகரவில்லை. அண்ணன்காரரும் வந்து சேர்ந்தார்.

நான் பொறுக்கமாட்டாமல் வெடித்தேன். "ஏங்க, தம்பி வந்து நின்னா பர்மிஷன் இல்லன்னு சொல்றீங்களே, நியாயமா?"

"யோவ், அவன் இன்னா கேட்டான்?" என்று என்மேல் பாய்ந்தார் அண்ணன். "மேல பறக்கட்டுமான்னு கேட்டான். வேணாம்னேன். உள்ள வரட்டுமான்னு அவன் எப்பய்யா கேட்டான்?"

ஊரில் உள்ள வாசலெல்லாம் போய்க் கேட்ட மனிதர் கழுத்து சர்டிபிகேட்டைத் திருகிக்கொண்டு நின்றார். "கேளேன்டா" என்றார் அண்ணி.

"உள்ள வரட்டுமாண்ணா?"

அண்ணன் கையை நீட்டினார். மேலே ட்ரோன் சார்ஜ் குறைந்ததும், தானாகவே கிளம்பின இடமான கல்யாணப் பந்தலைத் தேடிப் போய்விட்டது.

பர்மிஷன் திரும்பி வரவில்லை. தோப்பிலேயே இருக்கிறார், மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டுகிறார், உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறதாம். எனக்கு இப்போது ஒரு சுறுசுறுப்பான பையன் கிடைத்திருக்கிறான். யாரையும் கேட்பதில்லை. தாலி கட்டுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. யாரும் எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொல்வதும் இல்லை.

ட்ரோன் எழும்பும்போது கல்யாணக் கூட்டமே அண்ணாந்து பார்க்கிறது. நான் மட்டும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன், அவர் வழக்கமாக நிற்கிற இடத்தை.