ஒன்பதாம் நாள் சட்டை

“கையைத் தூக்குங்கப்பா.”

“எதுக்கு?”

“சட்டையைக் கழட்டணும்ல?”

“என் சட்டையை நான் எதுக்குக் கழட்டணும்? மொதல்ல நீங்க யாரு?”

அன்று காலையில் நான்காவது தடவையாகக் கோபிநாத் அதற்குப் பதில் சொன்னார். “நான் கோபிப்பா. ஒங்க மகன்.”

உடையப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எங்க கோபிக்கு இம்புட்டு வழுக்கை கெடையாது” என்றார்.

எழுபத்தெட்டு வயது உடையப்பனுக்கு மறதி நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. மகனைச் சில நாள் தெரியும், பல நாள் தெரியாது. தெரியாத நாட்களில் மகனுக்கு மரியாதை கூடுதலாகக் கிடைக்கும். கோபிநாத் அதையாவது லாபம் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது வந்திருப்பது புதுச் சிக்கல். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகப் போட்டுவிட்ட நீலக் கட்டச் சட்டையை ஒன்பது நாளாகக் கழற்ற மாட்டேன் என்கிறார். சட்டையோடே படுக்கிறார், சட்டையோடே குளிக்கிறார், வெயிலில் நின்று சட்டையோடே காய்கிறார்.

வேறு நாளாக இருந்தால் பத்தாவது நாளும் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் இன்று கோபிநாத்தின் மகள் ஹரிணிக்குப் பூ வைக்க, மாப்பிள்ளை வீட்டார் கட்டுமாவடியிலிருந்து குளத்தூருக்கு வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் பெரியவர் உடையப்பன்தான் தட்டு மாற்ற வேண்டும். கோபிநாத்துக்கு வெளியே சொல்லாத ஆசை ஒன்றும் இருந்தது. தட்டு மாற்றுகிற அந்த ஒரு நிமிடமாவது அப்பாவுக்குத் தன்னை அடையாளம் தெரிய வேண்டும்.

போன் அடித்தது. “அறந்தாங்கி தாண்டிட்டோம் சம்பந்தி!”

“வாங்க வாங்க” என்றார் கோபிநாத், வராமல் இருந்தால் தேவலை என்ற குரலில்.

“டாக்டர் சொன்ன மாதிரி செஞ்சு பாருங்க” என்றாள் மனைவி சுகுணா.

பழைய சட்டையைப் போலவே இன்னொன்று வாங்கிக் கொடுத்தால் மாற்றிக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதுக்கோட்டையில் ஏழு கடை ஏறி இறங்கி, அதே நீலம், அதே கட்டத்தில் ஒன்று வாங்கி வைத்திருந்தார் கோபிநாத். அதை எடுத்து நீட்டினார்.

உடையப்பன் முகம் மலர்ந்தது. “அட, நம்ம சட்டை மாதிரியே இருக்கே!”

“ஆமாப்பா. போட்டுக்கிறீங்களா?”

“அதுக்கென்ன” என்று வாங்கிப் போட்டுக்கொண்டார், பழைய சட்டைக்கு மேலேயே. பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டார். இப்போது கழற்ற வேண்டியது இரண்டானது.

சுகுணா அடுத்த யோசனையைச் சொல்லவில்லை, நேரே செய்துவிட்டாள். காபி கொண்டுவந்தவள் கை தவறியது போல அவர் நெஞ்சில் ஊற்றினாள். ஆறின காபிதான்.

“ஐயையோ! கழட்டிக் குடுங்க மாமா, அலசிப் போடுறேன்.”

“பரவால்லம்மா, மனசுல வச்சுக்காதீங்க. வெயில்ல நின்னா காஞ்சிரும்.”

சொன்னபடியே வாசலுக்குப் போய், கோலத்துக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று நலம் விசாரித்தார்கள். அவரும் எல்லோரையும், “சாப்பிட்டுத்தான் போகணும்” என்று உள்ளே அழைத்தார். ஐம்பது பேருக்கு மட்டுமே சமைத்திருந்த சுகுணா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி போன். “புதுக்கோட்டை வந்தாச்சு சம்பந்தி. ஒரு டீயைக் குடிச்சுட்டு வாரோம்.”

“ரெண்டு டீயா குடிங்க” என்றார் கோபிநாத்.

அதட்டிப் பார்க்கலாம் என்றால் அதுவும் செல்லாது. உடையப்பன் முப்பத்தொரு வருடம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். எந்த அதிகாரியின் ஜீப் எத்தனை ஹாரன் அடித்தாலும், ரயில் போகாமல் கேட்டைத் திறந்தது கிடையாது.

கடைசி முயற்சியாகக் கோபிநாத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகச் சுற்றித் தெருவுக்கு வந்தார். “ஐயா, துணி தேய்க்க வந்திருக்கேன். போட்டிருக்கிற சட்டையக் குடுங்க, சூடாத் தேய்ச்சுத் தாரேன்.”

உடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க வீட்டுக்குத் தேய்க்கிறது பழனிச்சாமி. அவரு பொழப்புல ஏன் கை வைக்கிறீங்க?” எதிர்ப்பக்க வேப்பமரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “பழனிச்சாமி! இங்கிட்டு வாங்க! ஒங்களுக்குப் போட்டியா ஆளு வந்திருக்கு!”

இஸ்திரி வண்டியை விட்டுவிட்டுப் பழனிச்சாமி ஓடி வந்தார். போட்டிக்கு வந்த ஆளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. கோபிநாத்துக்கு வரவில்லை. துணி தேய்க்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிகிறது, பெற்ற பிள்ளையைத் தெரியவில்லை. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சித்தன்னவாசல் ரோடு தாண்டிட்டாங்களாம்!” என்று உள்ளேயிருந்து ஹரிணி கத்தினாள்.

கோபிநாத் பழனிச்சாமியைத் தனியே இழுத்துப் போனார். “அண்ணே, என்னையத்தான் தெரியல. ஒங்களையாவது தெரியுதே. யாரு சொல்லையும் கேக்காம ஒன்பது நாளா இப்படி அடம்பிடிக்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே.”

பழனிச்சாமி சிரிப்பை நிறுத்தினார்.

“நான் தெனமும் சொல்றேன் தம்பி. அதுக்கு அவரு, ‘ஆஸ்பத்திரிக்குக் கெளம்பயில, எங்க கோபி, நான் வந்து சொல்ற வரைக்கும் சட்டையக் கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டு ஆட்டோ கூப்பிடப் போச்சு, புள்ள பேச்சை நான் தட்ட முடியுமா’ன்னு ஒங்களை எதிர்பாத்துத்தான் இந்த வாசல்ல நிக்கிறாரு.”