பருப்பைக் கடித்துப் பார்த்த ரிஜெக்ட் அண்ணன்

"...வெளியிலேருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான்க்கா இருக்கும். உள்ள பாத்தாத்தான் தெரியும். பருப்புக்கும் அதான், உங்க கட்டிக்கும் அதான்" என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார் ரிஜெக்ட் அண்ணன். எதிரே மெஸ் சரோஜக்கா. பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு கையில். எந்த நிமிஷமும் எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாம் என்ற யோசனை முகத்தில்.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அண்ணனைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பூமியில் எதையுமே முதல் பார்வையில் 'ஓகே' சொல்லாத ஒரே மனிதர் அவர்தான்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் சரோஜக்கா மெஸ்ஸுக்கு மேல்மாடியில், என் அறைக்கு அடுத்த அறை அவருடையது. ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. தேறாத பீஸ் மேல் ஒட்டுகிற சிவப்பு 'ரிஜெக்ட்' ஸ்டிக்கர் ஒரு கட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கம்பெனியோடு நிறுத்தினால் பரவாயில்லை. என் கட்டில் காலில் ஒட்டினார். வீட்டு ஓனரின் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டினார். எனக்கு வந்த ஜாதகத்தின் உறையில்கூட ஒட்டினார். "நம்பிக்கைய மனசுல வைங்க, அளவைக் கையில வைங்க" என்பது அவர் வாக்கு.

உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டை ஏந்தி நடந்துகொண்டே இட்லியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"அக்கா, இன்னைக்கு நாலு எம்.எம். கம்மி."

"உன் வாயி நாலு இஞ்ச் அதிகம். அதுக்கும் இதுக்கும் சரியாப்போச்சு, தின்னுப்பா."

ஊருக்குப் போவதென்றால் பஸ் டயரைக் குனிந்து பார்க்காமல் ஏற மாட்டார். மூன்று பஸ்ஸையாவது கழித்துவிட்டு நாலாவதில் ஏறுவார். ஒரு பொங்கலுக்கு அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது மாட்டுக்கு ஜோடித்த மாலையெல்லாம் வாடிவிட்டதாம்.

சரோஜக்கா கெலமங்கலம் பக்கம். வீட்டுக்குள் தெலுங்கு, காய்கறிக்காரரிடம் கன்னடம், எங்களைத் திட்ட மட்டும் தமிழ். அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சதையைத் துளி எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும், பெங்களூருக்குப் போங்கள் என்றார் டாக்டர். அக்கா அந்தச் சீட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார். தினம் தினம் கை மட்டும் கழுத்துக்குப் போய்ப் போய் வந்தது. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அந்தச் சமயம் பார்த்து சொந்தக்காரர் ஒருவர் மொபைலில் வீடியோ அனுப்பினார். ஆப்ரிகாட் பழத்தின் கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைத் தின்றால் எந்தக் கட்டியும் கரையும், ஆஸ்பத்திரி வாசலே மிதிக்க வேண்டாம் என்றது வீடியோ. அக்கா முகத்தில் பல நாளைக்கு அப்புறம் வெளிச்சம்.

எங்கள் மெஸ்ஸில் சாப்பிடும் சுனில், ஹிமாச்சல் மலைக்காரன். அக்கா விடாமல் கேட்டதால் ஊரிலிருந்து ஒரு பை வரவழைத்தான். கொடுக்கும்போதே, தெரிந்த தமிழில் சொன்னான்: "அக்கா, நம்ம ஊர்ல இது எண்ணெய் ஆட்டும். முட்டி வலிக்குத் தேய்க்கும், தலைக்குத் தேய்க்கும். இனிப்பு பருப்பு கொஞ்சம் திங்கும். கசப்பு திங்காது. இதுல ரெண்டும் இருக்கு." பழம் விளைகிற ஊர்க்காரன் சொன்னது ஏறவில்லை, எங்கேயோ உட்கார்ந்து வீடியோ போட்டவர் சொன்னது ஏறியது.

மறுநாள் காலை முதல் தின்பதாக அக்கா முடிவு செய்தார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "செக் பண்ணாத சரக்கு உள்ள போவக் கூடாது" என்று பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். கடித்துப் பார்த்துத்தான் பிரிக்க முடியும் என்று கண்டுபிடித்தார். பாதியைக் கடித்து, மீதிப் பாதி இனிப்பென்றால் வலது டம்ளர், கசப்பென்றால் இடது டம்ளர்.

"கடிச்சதைத் துப்புங்கண்ணே" என்றேன்.

"முழுங்காமச் சொன்னா ரீடிங் முழுசா வராதுப்பா."

அரை மணி நேரத்தில் அவர் நடை கோணியது. தலை வலிக்கிறது என்றார். சுவரைப் பிடித்தார். வாந்தி எடுத்தார். மூச்சு வாங்கியது. நானும் சுனிலும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். எத்தனை தின்றார் என்று டாக்டர் அதட்ட, அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கசப்புக்கு ஒரு வரிசை, இனிப்புக்கு ஒரு வரிசை, கோடு கோடாகக் கணக்கு. கீழே அவர் கையெழுத்து.

"கசப்புப் பருப்பு வயித்துக்குள்ள போனா சயனைடா மாறும் சார். இதைத் தின்னு கேன்சர் கரையும்னு எந்த ஆதாரமும் இல்ல. தின்னவங்க ஆஸ்பத்திரிக்கு வந்ததுதான் மிச்சம்" என்றார் டாக்டர். ஆக்ஸிஜன் வைத்து மறுநாள் வரை படுக்கப் போட்டார்கள். அண்ணன் படுத்தாரே தவிர கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. கொஞ்சம் தெளிந்ததும் குளுக்கோஸ் சொட்டை எண்ணி, "சிஸ்டர், போன நிமிஷத்துக்கும் இதுக்கும் ரெண்டு சொட்டு வித்தியாசம்" என்றார்.

சரோஜக்கா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே பக்கத்தில் நின்றார்.

"ஏம்ப்பா, உனக்கென்னா கட்டியா, காச்சலா? நீ எதுக்குத் தின்ன?"

"நீங்க திங்கப் போறீங்களேக்கா. பாக்காம எப்படி விடுறது?"

அண்ணன் வீடு திரும்பிய அன்று அக்கா அரிசி டிரம்மைக் கவிழ்த்துச் சீட்டைத் தேடி எடுத்தார். பருப்புப் பையில் அண்ணன் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். இன்னொன்றை உரித்து, தன் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டார்.

இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு அக்கா கேட்டார், "உள்ள பாத்து, கெட்டதா இருந்தா?"

"கெட்டதுன்னு தெரிஞ்சா வைத்தியம் இருக்கு. தெரியலன்னாத்தான்க்கா ஒண்ணும் பண்ண முடியாது."

"இன்னைக்கு பேடாப்பா, வேணாம். நாளைக்குப் போலாம்" என்று அக்கா எழுந்துவிட்டார்.

அந்த நேரம் பெங்களூரு பஸ் ஒன்று வந்து நின்றது. முன் டயர் வழுக்கையாக இருப்பது எனக்கே தெரிந்தது. போச்சு, இன்னும் மூன்று பஸ் கழியும், அதற்குள் அக்கா வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். அண்ணன் குனிந்தார். அக்காவின் பையை எடுத்துக்கொண்டு, டயர் பக்கம் திரும்பாமலே, ஜன்னல் வழியாக எட்டித் தன் கர்சீப்பை சீட்டில் போட்டார்.