எட்டு என்று காட்டிய பெட்டி

"ஓடுது! மெதுவா ஓடுது! ஹைட்ரூன், சீக்கிரம் வாயேன், மெதுவா ஓடுது!"

நிலவறையிலிருந்து ஃபோல்க்மார் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. ஜெர்மனியின் காஸல் நகரத்தில் எல்லாரும் வேகமான கம்ப்யூட்டருக்கு ஆலாய்ப் பறக்க, இந்த மனிதர் மட்டும் மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து ஒரு கம்ப்யூட்டரை மந்தமாக்கிக் கொண்டிருந்தார். இன்றைக்கு ஜெயித்தே விட்டார்!

விஷயம் இதுதான். அவர் உயிரை வைத்திருந்த 'பால்வண்டி' என்ற பழைய டாஸ் கம்ப்யூட்டர் கேம் எண்பத்தாறாம் வருஷத்தது. அதற்குக் கடிகாரம் கிடையாது, ப்ராசஸர் எவ்வளவு வேகமோ வண்டியும் அவ்வளவு வேகம். அவருடைய தொண்ணூற்று மூன்றாம் வருஷப் பெட்டியின் வேகம் அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ். அதில் போட்டால், நீங்கள் கீபோர்டில் விரல் வைப்பதற்குள் வண்டி தெருக்கோடிக்குப் போய் நாய்களிடம் சிக்கி, ஆட்டமும் முடிந்திருக்கும். வேகம் குறைக்கிற புரோகிராம்களைப் போட்டுப் பார்த்தார். வண்டிக்கு விக்கல் வந்தது. கடைசியில், பெட்டியின் முகப்பில் என்றோ ஒயர் அறுந்து கிடந்த டர்போ பட்டனுக்கு உயிர் கொடுத்தார். பட்டன் வெளியே இருந்தால் அறுபத்தாறு, அமுக்கினால் எட்டு. வண்டி வீடு வீடாக நின்று, சமர்த்தாகப் பால் போட்டது.

அவர் மனைவி ஹைட்ரூன் களிமண் கையோடு இறங்கி வந்தாள். தோட்டத்து ஷெட்டில் குயவர் சக்கரம் சுற்றிக் கொண்டிருந்தவள். நவம்பர் குளிரில் விரல் பத்தும் சிவந்திருந்தன.

"மெதுவாக்கிட்டியா? உன்கிட்ட ஒரு வேலை சொன்னாப் போதுமே, அது தானா மெதுவாயிடும். இதுக்கு மூணு வாரமா?"

"உனக்குப் புரியாது. இது சாதனை."

"சந்தோஷம். சாதிச்சாச்சில்ல? இந்த ரூமைக் காலி பண்ணு. சக்கரத்தை இங்க கொண்டு வரணும். அங்க விரல் விறைச்சுப் போகுது."

"என்னோட ஏழு கம்ப்யூட்டர் பெட்டியும் எங்க போகும்?"

"ஷெட்டுக்கு."

"ஐயோ, ஈரத்துல துருப்பிடிச்சிடும்!"

"நான் துருப்பிடிச்சாப் பரவாயில்லையா?"

ஃபோல்க்மாருக்கு வெற்றி தலைக்கேறியிருந்த நேரம். மார்பை நிமிர்த்தினார். "சரி, ஆடிப் பார்த்துடலாம். பால்வண்டி. யாரு அதிகமா பாட்டில் போடறாங்களோ, அவங்களுக்கு ரூம். அடுத்த வார ஞாயிறு, காபி நேரத்துல. நடுவரா பக்கத்து வீட்டு ஹெர் ஸீபெல்ட்."

"நான் அதைத் தொட்டே முப்பது வருஷமாச்சே."

"பயப்படாதே, கத்துத் தரேன். டர்போன்னா என்னன்னு உனக்கு முதன்முதல்ல சொல்லிக் கொடுத்ததே நான்தானே?"

இதை அவர் ஊரில் சொல்லாத விருந்து கிடையாது. இதே பெட்டியை வாங்கக் கடைக்குப் போனாராம், அங்கே நின்றிருந்த பெண்ணுக்கு டர்போ பட்டனைப் பற்றி இருபது நிமிஷம் விளக்கினாராம், அவள் வாயடைத்துப் போய்க் கேட்டாளாம், ஆறு மாதத்தில் கல்யாணமாம். ஹைட்ரூன் ஒவ்வொரு தடவையும் சிரித்துக் கொண்டே கேக் வெட்டப் போய்விடுவாள்.

அறைகூவல் விட்டாரே தவிர, அன்று சாயங்காலமே பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தார். சீட்டாட்டத்திலிருந்து தாயம் வரைக்கும் இந்த வீட்டில் அவர் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. யோசித்தார். யோசனை பிறந்தது. அடடா, என்ன யோசனை!

தான் ஆடும்போது எட்டு. அவள் ஆடும்போது அறுபத்தாறு. அவ்வளவுதான்!

பெட்டி முகப்பில் வேகம் இவ்வளவு என்று பச்சையாக எரிகிற எண் காட்டிக் கொடுக்குமே? அங்கேதான் ஃபோல்க்மாரின் மூளை. அந்த எண் எதையும் அளப்பதில்லை. பின்னால் இருக்கிற ஊசிகளை மாற்றி மாற்றிச் செருகினால், சொன்னதைக் காட்டும். பட்டன் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் எட்டு என்றே எரியும்படி செய்துவிட்டார். பட்டனின் 'டொக்' சத்தம்? சமையலறை நாற்காலியின் காலடியில் ஒட்டியிருந்த கம்பளி வட்டத்தைப் பிய்த்துப் பட்டன்மேல் ஒட்டினார். சத்தம் செத்தது. பெட்டி மேஜைக்குக் கீழே, சரியாக முழங்கால் உயரத்தில். எழுந்திருக்கிற சாக்கில் முழங்காலால் ஒரு இடி, வேலை முடிந்தது. உட்கார், ஆடு, எழு, இடி. பத்து நாள் பயிற்சியில் அந்த முழங்கால் கண்ணை மூடிக் கொண்டு இடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டது. ஆட்டத்திலும் நூற்றைம்பது பாட்டிலைத் தொட்டார். தனியாகச் சிரித்துக் கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் விசில் அடித்தபடி காரைக் கழுவ ஓட்டிப் போனார். திரும்பி வந்தால், நிலவறைக் கதவில் ஹெர் ஸீபெல்ட் டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருந்தார். டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்து சொந்த மச்சானுக்கே அபராதம் போட்ட மனிதர்.

"கடைசி நேரப் பயிற்சி யாருக்கும் கூடாதுன்னு உங்க வீட்டம்மா கேட்டுக்கிட்டாங்க. நியாயமான கோரிக்கை."

"ரொம்ப நியாயம்!" என்றார் ஃபோல்க்மார். அவருக்கு எதற்கு இனிமேல் பயிற்சி?

ஞாயிறு மணி மூன்று. காபி, ஆப்பிள் கேக். ஹெர் ஸீபெல்ட் பேனாவைத் திறந்தார்.

"ஆட்டத்தின் வேகம்?"

"இதோ, முகப்புல எரியுது பாருங்க, எட்டு. எந்த எண் எரியுதோ அதுதான் வேகம். அதுல பேச்சே இல்ல!"

"எட்டு" என்று எழுதிக் கொண்டார் நடுவர்.

ஃபோல்க்மார் பட்டனைத் தடவிப் பார்த்தார். உள்ளேதான் இருந்தது. விரல்களை நெட்டி முறித்து, ஆட்டத்தைத் தொடங்கினார்.

வண்டி பறந்தது! தெரு பறந்தது! முதல் வீடு எது, நாய் எது என்று தெரிவதற்குள் ஆட்டம் முடிந்து மணி அடித்தது.

"இரண்டு பாட்டில்" என்றார் ஹெர் ஸீபெல்ட்.

"இருங்க, இருங்க! வேகம் தப்பு! இது எட்டே இல்ல!"

நடுவர் குனிந்து பார்த்தார். "எட்டுதான் எரியுது."

"அது அப்படித்தான் எரியும்..."

"ஏன் அப்படித்தான் எரியும்?" என்று கேட்டாள் ஹைட்ரூன், கேக்கை வெட்டியபடி.

ஃபோல்க்மார் அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். குழம்பிப் போய் எழுந்தார். எழுந்தாரா? அவ்வளவுதான், பத்து நாள் பழகிய முழங்கால் எஜமானைக் கேட்காமலே பட்டனை ஒரு இடி இடித்துவிட்டது.

ஹைட்ரூன் உட்கார்ந்தாள். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. முதல் வீட்டில் நின்றது. பால் போட்டது. நாய் கொட்டாவி விட்டது போலிருந்தது. அவள் ஒரு கையால் ஆடி, மறு கையால் காபி குடித்தாள். ஃபோல்க்மார் மெல்ல முழங்காலை நகர்த்தினார். பட்டனுக்கு முன்னால் அவளுடைய வீட்டுச் செருப்பு குறுக்கே நின்றது.

"இருநூற்றுப் பதினான்கு பாட்டில். வேகம் எட்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஹெர் ஸீபெல்ட். கேக்கில் இன்னொரு துண்டு வாங்கிக் கொண்டு விடைபெற்றார்.

கதவு சாத்தியதும் ஃபோல்க்மார் கேட்டார், "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சமையலறை நாற்காலி பத்து நாளா கிறீச் கிறீச்னு கத்துது. அதோட கம்பளி எங்க போச்சுன்னு தேடினேன். பட்டன் மேல இருந்துது. நேர்மையான மனுஷன் பட்டனுக்கு எதுக்குப்பா செருப்பு மாட்டணும்?"

"சரி, வேகத்தை எப்படி மாத்தினே?"

"நேத்து நீ கார் கழுவப் போனப்போ, பட்டன்லேருந்து வர்ற மூணு ஒயர் பிளக்கைத் திருப்பிச் செருகினேன். வேகம் தலைகீழ், பட்டன் உள்ளே இருந்தா அறுபத்தாறு, வெளியே வந்தா எட்டு. எட்டுன்னு எரிய வைக்கிறதை நீயே பார்த்துக்கிட்ட, எனக்கு வேலை மிச்சம்."

"அது உனக்கு எப்படி..."

"அந்தக் கடையில பெட்டியெல்லாம் அசெம்பிள் பண்ணினது யாருன்னு நினைச்சே? இந்தப் பட்டனை முதல்ல மாட்டினதே நான்தான்."

ஃபோல்க்மார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்போ, அன்னிக்கு இருபது நிமிஷம் நான் விளக்கினேனே, அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"பார்க்க அழகா இருந்தே. பேசட்டும்னு விட்டுட்டேன்."

திங்கட்கிழமை ஆறு பெட்டிகள் போர்வை போர்த்திக் கொண்டு ஷெட்டுக்குப் போயின. ஏழாவதை ஹைட்ரூன் விடவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டாள். களிமண் காய்கிற நேரத்தில் பால் போடுகிறாளாம், நானூறைத் தாண்டிவிட்டாளாம். பெரிய மனசு பண்ணி, ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு ஆட்டம் ஃபோல்க்மாருக்கும் கொடுக்கிறாள். அவர் ஆடும்போது பக்கத்தில்தான் உட்காருகிறாள். பட்டன் அவள் முழங்கால் பக்கம் இருக்கிறது.