வெயிலுக்கு ஆசைப்பட்ட ஹால்வர்

இந்த ஈஸ்டருக்கு வெயில் காயும் கேனரித் தீவு மணலில் மல்லாந்து படுத்தே தீருவது என்று ஹால்வர் முடிவெடுத்தான். நார்வேயின் வடகோடியில், அவன் ஊரான லோஃபோட்டனில், டிசம்பரில் சூரியன் தலைமறைவாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. நண்பகலிலும் சமையலறையில் விளக்கு எரிந்தது. சேமிப்போ ஒருவர் போய்வரத்தான் காணும். அந்த ஒருவர் யார் என்பதில் கணவர்களுக்கு எப்போதும் சந்தேகம் இருப்பதில்லை. ஆனாலும் நியாயவான் என்று பெயரும் வாங்க வேண்டுமே!

“ரன்வைக், நமக்குள்ள சண்டை வேண்டாம். மார்ச் கடைசியில ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துப் பார்ப்போம். யாருக்கு வைட்டமின் டி குறைவோ அவங்களுக்குத்தானே வெயில் வேணும்? அவங்க போகட்டும்.”

“அதிகமா இருக்கறவங்க?”

“வீட்டைப் பார்த்துக்கட்டும்.”

“அப்புறம் பேச்சு மாறமாட்டியே?”

“நானா?” என்றான், புண்பட்டவன் போல.

மறுநாள் மனைவி மீன் அறுக்கும் கூடத்துக்கு வேலைக்குப் போனதும், பிரிட்ஜில் இருந்த மீன் எண்ணெயைக் கவிழ்த்துவிட்டு, அதே பாட்டிலில் சூரியகாந்தி எண்ணெயை ஊற்றி வைத்தான். பெயரிலாவது சூரியன் இருக்கிறது, போதும். குளிர்காலம் முழுக்க, காலையில் ஒரு கரண்டி மீன் எண்ணெய் விழுங்காமல் அந்த வீட்டில் யாரும் வாசல் தாண்டியதில்லை. கரண்டி பொய்யானால் ரத்தத்தில் வைட்டமின் டி பாதாளத்துக்குப் போகும், விமான டிக்கெட் கைக்கு வரும்.

அவளும் அதே பாட்டிலில்தானே குடிக்கிறாள்? யோசித்தான். நாள் முழுக்க மீன் ஈரலை அளைகிறவளுக்குச் சத்து தோல் வழியாகவே ஏறிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டான். இத்தனைக்கும் பள்ளியில் இவன் விஞ்ஞான ஆசிரியன்!

ஜனவரியில் காட் மீன் கூட்டம் வந்தது. ரன்வைக் மோல்யெ வைத்தாள்: வேகவைத்த மீன், சினை, வெண்ணெயாய் உருகும் ஈரல். குளிர்காலத்தில் எத்தனை மோல்யெ தின்றாய் என்பதுதான் அந்த ஊர் ஆண்களின் வீரம்.

“எத்தனை ஆச்சு?” என்றான் பக்கத்து வீட்டு ஐலிஃப், பனியை வாரிக்கொண்டே.

“பதினொண்ணு.”

“அவ்வளவுதானா? எனக்குப் பதினாலு. உன் வயித்துக்கு வயசாயிடுச்சுப்பா.”

ஹால்வர் தடதடவென்று உள்ளே வந்தான். “நாளைக்கும் மோல்யெ வை.”

“வைக்கிறேன். என் பங்கு ஈரலையும் நீயே சாப்பிடு.”

“உனக்கு?”

“உருளைக்கிழங்கு போதும். வேலையில மீனைப் பார்த்துப் பார்த்தே அலுத்துப்போச்சு.”

தங்கமான மனைவி என்று நினைத்தபடி வழித்துத் தின்றான். எண்ணெய் மருந்து, ஈரல் விருந்து. இரண்டும் அவன் மண்டைக்குள் வேறு வேறு அலமாரியில் இருந்தன. அந்த எண்ணெய் எதிலிருந்து வருகிறது என்று வகுப்பில் கேட்டு, ‘மீன் ஈரல்’ என்று சொல்லத் தெரியாத பிள்ளையை அவனே திட்டியிருக்கிறான்.

மார்ச் கடைசியில் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துப் புருவம் உயர்த்தினாள்.

“ஹால்வர், இந்த வருஷம் நான் பார்த்ததுலயே நல்ல ரத்தம் உன்னுதுதான். ஈரலைக் கொஞ்சம் குறைச்சுக்கோ. ரன்வைக், உனக்குத்தான் ரொம்பக் குறைவு. மீன் எண்ணெய் குடிக்கிறதில்லையா?”

“தினமும் ஒரு கரண்டி டாக்டர். இவரும் நானும் ஒரே பாட்டில்தான்.”

“ஆச்சரியமா இருக்கே. அந்தப் பாட்டிலைக் கொண்டு வாங்க, என்னன்னு பார்ப்போம்.”

“பாட்டிலா? அது... தீர்ந்துபோச்சு,” என்றான் ஹால்வர்.

வெளியே வந்ததும் வெடித்தான். “உனக்குத் தெரியும்.”

“முதல் நாளே தெரியும். இருபது வருஷமா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு விழுங்கறவன், அன்னைக்குச் சப்புக்கொட்டிக் குடிச்சே.”

“அப்ப ஏன் அதையே நீயும் குடிச்சே?”

“யாருக்குக் குறைவோ அவங்க போகட்டும்னு யாரு சொன்னது?”

ஈஸ்டருக்கு முந்தின வாரம், அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரை நடந்தான். கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருந்தது அவனிடம்.

“உனக்குத்தான் வெயிலே ஆகாதே ரன்வைக். பத்து நிமிஷத்துல தலைவலி வந்துடும். அங்க போய் என்ன பண்ணப்போறே?”

“நிழல்ல உட்கார்ந்துக்குவேன்,” என்றாள்.