அடுப்புக்காரர் வீட்டுத் தொட்டியில் கெண்டை

ஜெர்மனி உலகக் கோப்பையை வென்ற வருடம், அந்த வருடத்துக் கிறிஸ்மஸ். அந்தத் தேசத்திலேயே பெரிய தொண்டை யாருக்கென்று அப்போது கேட்டிருந்தால், கோலுக்குக் கத்திய அத்தனை பேரையும் தள்ளிவிட்டு அடுப்புக்காரரைத்தான் சொல்லியிருப்பேன்.

அவர் சுலோவாக்கியர். வீடு வீடாகப் போய்க் கரியடுப்புத் திருத்துவார். பெயரென்று ஒன்று இருந்திருக்கும், யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊர் பவேரியாவின் கடைசி ஓரம். காடு தாண்டினால் செக்கோஸ்லோவாக்கியா. ஊருக்கு ஒரு பீங்கான் தொழிற்சாலை. அதை நம்பித் துருக்கியர், இத்தாலியர், ஆறு வருடம் முன்பு ரஷ்ய டாங்கிகள் வந்தபோது எல்லை கடந்து வந்த பத்துப் பன்னிரண்டு சுலோவாக்கியக் குடும்பங்கள். நடுவில் ஒரு யாழ்ப்பாணத்தான், எங்கள் செல்லத்துரை. அடுப்புக்காரர் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தான், இரண்டு மாடிக்கும் ஒரே குளியலறை.

நான் ஹம்பேர்க்கில் கப்பலை விட்டு இறங்கி, ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவன். கிறிஸ்மஸுக்குக் கடை பூட்டியதும் செல்லத்துரையைப் பார்க்கக் கிளம்பினேன். மூன்று ரயில். மூன்றாவதில் சூடே இல்லை. அந்தக் குளிர் இன்னும் முழங்காலில் இருக்கிறது, அதை விடுவோம்.

அடுப்புக்காரர் அடுப்போடு பாசமாகப் பேசுவார், மனிதரைத்தான் ஏசுவார். ஒருத்தி ஈர விறகு எரித்தாளென்று மூன்று வாரம் அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை. ஊரில் எந்தப் புகைபோக்கி கறுப்பாகக் கக்கினாலும் தெருவில் நின்றபடி நாலு பாஷையில் கத்துவார். ஐந்தாவதாகச் செல்லத்துரையிடம் இரண்டு தமிழ் ஏச்சுப் பழகி, பாதிரியாரில் பரீட்சித்துப் பார்த்தார். பாதிரியார் நன்றி சொன்னாராம்.

இவருக்கு ஒரு மீனைக் கொல்ல முடியாது. கிறிஸ்மஸ் இரவுக்கு அவர்களுக்குக் கெண்டை வேண்டும். உயிரோடு வாங்கி, சேறு போகட்டுமென்று சில நாள் குளியல் தொட்டியில் விட்டுவைப்பார்கள். இவரும் வாங்குவார். கடைசி நாள் வாளியில் தூக்கிப்போய் ஆற்றில் விட்டுவிடுவார். ஊரே சிரிக்கும். அந்த வருடம் மட்டும் தானே வெட்டுவேனென்று தெரு முழுக்கச் சபதம் போட்டிருந்தார். தாய் வரப்போகிறாள். ஆறு வருடமாக மறித்த செக்கோஸ்லோவாக்கிய அதிகாரிகள், கிழவிதானே என்று ஐந்து நாள் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

இதொன்றும் எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தது கிறிஸ்மஸ் இரவுக்கு முதல் நாள் மத்தியானம். செல்லத்துரை வேலையில், கதவுத் திறப்பு வாசல் மிதியடிக்குக் கீழே. குளிக்கப் போனால் தொட்டிக்குள் ஒரு முழக் கெண்டை என்னைப் பார்க்கிறது. அண்ணை வந்து சமைக்கட்டுமென்று தம்பி வாங்கி விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். மீன் வெட்டுகிறவன் வேறு என்ன நினைப்பான்? கப்பல்காரரிடம் வாங்கிய மிளகாய்த்தூளும் பழப்புளியும் பையில் இருந்தன. குழம்பு வைத்தேன். தொட்டியை உரஞ்சிக் கழுவிச் சுகமாகக் குளித்தேன். தலையை மட்டும் ருசி பார்த்தேன்.

செல்லத்துரை வந்து சட்டியைத் திறந்தான். மூடினான்.

“அண்ணை, இது எந்த மீன்?”

“நீ தொட்டியில விட்டது.”

“நான் விடேல்லை அண்ணை. அது அந்தாளின்ர தாய்க்கு.”

அடுப்புக்காரர் வந்ததும் ஐந்து பாஷையும் வருமென்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் வெறும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சந்தையில் மீன்காரர் எல்லாம் விற்றுத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டிருந்தார். அடுத்து சுலோவாக்கியர் வீடுகள். ஒவ்வொரு வாசலிலும், அம்மாவின் மீனைத் தின்றவர் இவர்தான் என்று என்னைக் காட்டினார். ஆறாம் வீட்டில் அவருக்கு அலுத்துவிட்டது, நானே சொல்லிக்கொண்டேன். எல்லார் தொட்டியிலும் மீன் நீந்தியது. எவர் தொட்டியிலும் இரண்டு இல்லை. ஒரு போத்தல் புளிச்ச முட்டைக்கோவாவோடு திரும்பினோம்.

அவர் குழம்பைத் தொட்டு நக்கிப் பார்த்தார். கண்ணீர் வடிந்தது. அம்மா துணிச்சல்காரி, தின்பாள் என்றார்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு மூவரும் போனோம். ரயிலிலிருந்து ஒரு கன்னியாஸ்திரியும் இரண்டு காவலரும் இறங்கினார்கள். ரயில் போன பிறகும் நின்றோம். வீட்டுக்கு வந்தால் கதவில் தந்தி. எல்லையில் இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அவர் மேசையில் நாலு தட்டு வைத்தார். தாயின் தட்டில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார். வேர்க்க வேர்க்கத் தின்று முடித்து, முதல் தடவையாகச் சத்தமில்லாமல் பேசினார். எங்கள் இருவர் ஜெர்மனும் நொண்டி. எனக்கு விளங்கியது இது:

“அடுத்த வருசம் அவ வருவா. நீயும் வா. எனக்கு வெட்ட ஏலாது.”

வாறன் என்றேன். அடுத்த வருடம் முதலாளி லீவு தரவில்லை. அதற்கடுத்தது காய்ச்சல். பிறகு செல்லத்துரை கனடா போனான், கடிதமும் நின்றது. கிழவி வந்தாளா, யார் வெட்டினார்கள், தெரியாது.

வாசிக்கிற பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால், பீங்கான் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் விசாரியுங்கள். அவர் இருக்கமாட்டார். அவரைத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். மீன் வெட்ட வாறன் என்றவன் வராமல் போனான், ஆனால் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கத்தியைத் தீட்டி வைத்திருந்தான் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.