பத்து தட்டும் ஒரு கிரேக்கத் தத்துவமும்

நான் எண் ஜோசியக்காரி இல்லை. என் சொந்தக்காரர்கள் யாரும் இதை நம்பப்போவதில்லை என்பதால் அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். மொபைல் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதே, மாற்றிவிடலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். (வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். போன வாரம் கேட்டவர் கணக்கு வாத்தியார்.)

நான் செய்த குற்றம், பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் எழுதியதுதான். நியோபிளாட்டோனியர் என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதிகள் எண்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது பொருள். அதில் ராசியும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. எல்லாம் 'ஒன்று' என்ற மூலத்திலிருந்து வழிந்து வந்தது என்றால், உலகம் எப்படிப் பலவாயிற்று? அதை எண்களை வைத்து யோசித்தார்கள், அவ்வளவுதான். என் அம்மா அதைப் படிக்காமலேயே தெரு முழுக்கக் காட்டினார். "எம் பொண்ணு நம்பர பத்தி எழுதிக்கீறா!"

அந்த மாதமே என் தம்பி குமாருக்கு நிச்சயதார்த்தம். ராயபுரத்திலிருந்து வரிசைத் தட்டுகளைக் கொண்டுபோய்த் திருவொற்றியூரில் பெண் வீட்டுக் கூடத்தில் வைப்பது, அக்காவான என் பொறுப்பு. தட்டுகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். கிளம்பும்போது பதினொன்று. பரப்பி வைத்தபோது பத்து. மிச்சம் ஒன்று ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் எண்ணூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. (லட்டு.)

பெண்ணின் தாய்மாமா துறைமுகத்தில் கன்டெய்னர்களை எண்ணிச் சரிபார்க்கிறவர். அவர் கண்ணுக்குத் தப்புமா?

"இன்னாமா, பத்து கீது?"

தட்டைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி முடித்திருக்கலாம். எனக்கோ அரைப் பக்க மேதைமை.

"பத்துதான் மாமா முழுமையான எண். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, கூட்டிப் பாருங்க, பத்து வரும். மொத்தப் பிரபஞ்சமும் அதுல அடக்கம்னு கிரேக்க ஞானிங்க சொல்லியிருக்காங்க."

கூடம் அசந்துபோனது. அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். பெண்ணின் அத்தை ஆவலாகக் கேட்டார். "அப்போ ரெண்டுக்கு இன்னா பலன்மா?"

பலனாம்! தத்துவத்துக்குப் பலனாம்! கோபம் தலைக்கேறிவிட்டது. பிழைதிருத்தம் வெளியிடும் தொனியில் சொன்னேன். "பலன் இல்லீங்க, அர்த்தம். ரெண்டுன்னா பிரிவு. ஒண்ணா இருந்தது திமிரெடுத்துத் தனியாப் போச்சுன்னா அதான் ரெண்டு. எல்லாக் கொழப்பமும் அங்கதான் ஆரம்பம்."



"நிச்சயம் பண்ற வூட்ல வந்து பிரிவுன்றியே, வாய்ல நல்ல வார்த்தையே வராதா?" என்றார் அத்தை.

"அதுக்குத்தான் மூணு இருக்கே!" என்று அவசரமாகத் தொடர்ந்தேன். "மூணாவது வந்துதான் பிரிஞ்ச ரெண்டையும் சேத்து வைக்கும்."

தாய்மாமா எழுந்து நின்றார். "யாரு அந்த மூணாவது?"

கூடம் மொத்தமும் குமாரைத் திரும்பிப் பார்த்தது.

"மாப்ள, யாருபா அது? இப்பவே சொல்லிடு."

குமாருக்கு வியர்த்துக் கொட்டியது. நிரபராதிக்கு வியர்த்தால் குற்றவாளியைவிட மோசமாகத் தெரிவான் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

"சத்தியமா யாரும் இல்ல மாமா. அக்கா பேப்பர்ல எழுதுனத சொல்லுது."

"பேப்பர்லயே வந்துட்ச்சா?" என்றார் அவர்.

"தட்ட எடுங்க, கெளம்புங்க" என்று அத்தை வாசல் பக்கம் கையை நீட்டிவிட்டார். அம்மா அழத் தொடங்கினார். நான் இருந்த இடத்தில் நின்று, நான் சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பாதி பின்னிய தலையோடு உள்ளேயிருந்து மணப்பெண் மஞ்சுளா வந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஸ்வீட்டே காணோம். ஆட்டோல வுட்டுட்டியாக்கா?"

தலையாட்டினேன்.

"அத சொல்றதுக்கு இன்னா? எதுக்கு இந்த பேஜாரு?" ஆப்பிள் தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இப்போ ஒம்போது. மோதிரத்த போடுங்க."

போட்டார்கள்.

இன்றும் அவர்களுக்குள் சண்டை வந்தால் மஞ்சுளா தன் அம்மாவுக்குப் போன் செய்வதில்லை. எனக்குத்தான் வரும். "அன்னிக்கு நீ ரெண்டுக்கு சொன்ன பாரு, கரெக்டுக்கா." பின்னால் பிள்ளைகள் சிரிப்பது கேட்கும். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரில் நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டவள் அவள் ஒருத்திதான். ஆனால் ஒரு தரப்பை மட்டும் கேட்டு எதையும் உறுதிசெய்யக் கூடாது என்பது என் தொழில் விதி. குமாரின் கருத்தைக் கேட்கப் போன் செய்வேன். எடுக்கவே மாட்டான்.